பதினெட்டுக்கும் இருபத்து நான்குக்கும் இடையில்

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு நடுவணரசின் உதவி வேண்டுமென்றால் மாணவர் நிரப்ப வேண்டிய படிவத்துக்கு ஃபாஃப்சா என்று பெயர். திருப்பிச் செலுத்த வேண்டாத பெல் மானியம், அரசுக் கடன், கல்லூரி வளாகத்தில் பகுதிநேர வேலை எல்லாவற்றுக்கும் வாசல் அது ஒன்றுதான். பல மாநில அரசுகளும் கல்லூரிகளும் தங்கள் உதவியைக் கணக்கிடவும் அதையே கேட்கின்றன. மாணவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, யாருடைய பணத்தைக் கணக்கில் கொள்வது என்பதை அந்தப் படிவம் முடிவு செய்துவிடுகிறது. விண்ணப்பிப்பவர் சார்பு மாணவர் என்றால் பெற்றோரின் வருமானமும் சொத்தும் கணக்கில் ஏறும். சுயசார்பு மாணவர் என்றால் அவருடையதும், மணமானவராக இருந்தால் துணைவருடையதும் மட்டும்தான். இந்த ஒரு பிரிவினைதான் ஒருவர் படிப்பாரா, படிக்காமல் நிற்பாரா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிக்கிறது. ஆனால் ஒருவரை உண்மையில் யார் ஆதரிக்கிறார்கள் என்பதை அது எங்கும் கேட்பதில்லை.

கேட்பதெல்லாம் வேறு. 2025-26 கல்வியாண்டுக்கு, 2002 ஜனவரி 1க்கு முன் பிறந்தவர் சுயசார்பு மாணவர். அந்த வயதை எட்டாதவர் மணமானவராகவோ, தன் பொறுப்பில் குழந்தை உள்ளவராகவோ, படையில் பணியாற்றுபவராகவோ பணியாற்றியவராகவோ, பட்டமேற்படிப்பு மாணவராகவோ இருக்க வேண்டும். அல்லது பதின்மூன்று வயதுக்குப் பிறகு பெற்றோர் இருவரும் உயிருடன் இல்லாதவர், அரசின் வளர்ப்புப் பராமரிப்பிலோ நீதிமன்றத்தின் பொறுப்பிலோ இருந்தவர், சட்டப்படி காப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டவர், பெரியவர் துணையின்றி வீடற்று வாழும் இளைஞர் என்ற வகைகளில் ஒன்றில் அடங்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் அவர் சார்பு மாணவர். பத்தொன்பது வயதில் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டு மணந்துகொண்டவர், பெற்றோர் வீட்டிலேயே வாழ்ந்தாலும், சுயசார்பு ஆகிவிடுகிறார். இருபத்து மூன்று வயதில் ஐந்தாண்டுகளாகத் தன் வாடகையைத் தானே கட்டி வருபவர் சார்பு மாணவராகவே இருக்கிறார். இதைச் சட்டத்தின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. பெற்றோர் பணம் தர மறுப்பது, படிவத்தில் விவரம் தர மறுப்பது, வரிக் கணக்கில் பிள்ளையைச் சேர்க்காமல் விடுவது, மாணவர் முழுக்கத் தன் சம்பாத்தியத்தில் வாழ்வது ஆகிய நான்கும் தனித்தனியாகவோ சேர்ந்தோ விதிவிலக்குக்குக் காரணமாகா என்று கல்வித்துறையின் வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது.

இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இருபது வயது இளைஞர் ஒருவர் கடையில் வேலை பார்த்து ஆண்டுக்கு 20,000 டாலர் ஈட்டுகிறார், தனியே வாழ்கிறார், வசதியான பெற்றோர் அவரோடு பேசுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் சுயசார்பு என்று ஏற்கப்பட்டால் அவருடைய வருமானம் வறுமைக்கோட்டின் 175 விழுக்காட்டுக்குள் வருகிறது. ஒரு நபர் குடும்பத்துக்கு 2023இல் வறுமைக்கோடு 14,580 டாலர். ஆகவே முழுநேரம் படித்தால் பெல் மானியத்தின் உச்சத்தொகையான 7,395 டாலர் அவருக்குக் கிடைக்கும். முதலாண்டில் 9,500 டாலர் வரை அரசுக் கடனும் பெறலாம், அதில் 3,500 டாலருக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும். அதே இளைஞர் சார்பு மாணவர் என்று வகுக்கப்பட்டு, பெற்றோர் படிவத்தைத் தொட மறுத்தால் மானியம் ஒரு டாலர்கூட இல்லை. கல்லூரியின் நிதியுதவி அலுவலர் இசைந்தால் வட்டிச் சலுகை இல்லாத கடன் மட்டும், அதுவும் முதலாண்டில் 5,500 டாலருக்கு மேல் போகாது. நான்காண்டுப் படிப்பில் மானிய இழப்பு மட்டும் 29,580 டாலர். மனிதர் ஒருவரே, வருமானமும் ஒன்றே. மாறியது பெற்றோரின் மனம்.

பிள்ளையின் படிப்புச் செலவு பெற்றோருடையது என்பது தமிழ்க் குடும்பங்களில் கேள்வியே இல்லாத வழக்கம் என்பதால், முதல் பார்வையில் இந்த விதி நமக்கு இயல்பாகத்தான் தோன்றும். அமெரிக்கச் சட்டத்தைப் புரட்டினால்தான் முரண் தெரிகிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பதினெட்டு வயதோடு பெற்றோரின் பராமரிப்புக் கடமை முடிகிறது. அதன்பின் கல்லூரிக் கட்டணம் கட்டும்படி ஒன்றாக வாழும் தாய் தந்தையரை எந்த நீதிமன்றமும் பணிப்பதில்லை. விவாகரத்தானவர்கள் விஷயத்தில் சில மாநிலங்கள் வேறு வழி சென்றன. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982இல் நியூபர்க் எதிர் அர்ரிகோ வழக்கில், தகுந்த சூழலில் பெற்றோர் கல்லூரிச் செலவில் பங்கேற்க வேண்டியிருக்கும் என்றது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றமோ 1995இல் கர்ட்டிஸ் எதிர் கிளைன் வழக்கில், சேர்ந்து வாழும் பெற்றோருக்கு இல்லாத கடமையைப் பிரிந்த பெற்றோர்மீது மட்டும் சுமத்துவது சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லி, அப்படிச் சுமத்திய மாநிலச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஆக, உரிமையியல் சட்டத்தின் பார்வையில் இருபது வயதுக்காரருக்குப் பெற்றோர் பெரும்பாலும் எதுவும் தர வேண்டியதில்லை. நிதியுதவிச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் தந்துகொண்டிருக்கிறார்கள். தான் விதிக்காத ஒரு கடமையை, நிறைவேறிவிட்ட கடமையாகவே அரசு கணக்கில் எழுதிக்கொள்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: பெற்றோரின் பங்கை எதிர்பார்ப்பதில் தவறில்லை, அந்தப் பங்கு வராமல் போகும்போது அதன் முழுச் சுமையையும் இருவரில் எளியவரான மாணவர்மீது வைப்பதுதான் தவறு.

விதி எப்போதும் இப்படி இருந்ததில்லை. பெல் மானியத்தின் முன்வடிவம் 1972இல் உருவானபின், எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் சுயசார்பு என்பதை நடப்பு வாழ்க்கையை வைத்தே அளந்தார்கள். பெற்றோர் வீட்டில் ஆண்டுக்கு ஆறு வாரத்துக்கு மேல் தங்கினாரா, சில நூறு டாலருக்கு மேல் அவர்களிடமிருந்து பெற்றாரா, அவர்கள் வரிக் கணக்கில் இவரைக் காட்டினார்களா என்ற மூன்று கேள்விகள். 1986 சட்டத்திருத்தம் இருபத்து நான்கு வயது என்ற கோட்டை வரைந்தது. ஆனாலும் அதற்குக் குறைந்த வயதினருக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்தது. பெற்றோர் வரிக் கணக்கில் காட்டாத இரண்டாண்டுகளில் ஆண்டுக்கு 4,000 டாலர் சொந்த வருவாய் இருந்ததாக நிறுவினால் அவர் சுயசார்பு. 1992இல் அந்தக் கதவும் மூடப்பட்டது. நிறுவுவது கடினம், பொய்யாக நிறுவுவது எளிது என்ற கவலையில் வாழ்க்கை முறையைப் பற்றிய கேள்விகள் போய், ஆவணத்தால் காட்டத்தக்க நிலைகள் மட்டும் எஞ்சின. 2007இல் வந்த சட்டம் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர்களையும் வீடற்ற இளைஞர்களையும் பட்டியலில் சேர்த்தது, அது பெரிய முன்னேற்றம். ஆனால் உழைத்துத் தனித்து வாழ்கிறவருக்கு இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் நிதியுதவி அலுவலரின் தனி முடிவு என்ற வழி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, அதன் பயனையும் குறைத்துச் சொல்லக் கூடாது. வீட்டில் வன்முறை, பெற்றோர் கைவிட்டது, அவர்கள் சிறையில் இருப்பது, மனிதக் கடத்தலுக்கு ஆளானது, அகதி நிலை போன்ற அசாதாரணச் சூழல்களில் கல்லூரி அலுவலர் ஒரு சார்பு மாணவரைச் சுயசார்பு என்று மாற்றலாம். 2020 டிசம்பரில் நிறைவேறிய ஃபாஃப்சா எளிமையாக்கச் சட்டம் இந்த வழியைச் செப்பனிட்டது. இத்தகைய கோரிக்கைகளைப் பார்ப்பதே இல்லை என்று எந்தக் கல்லூரியும் ஒட்டுமொத்தக் கொள்கை வைத்துக்கொள்ளக் கூடாது, ஒருமுறை ஏற்கப்பட்ட முடிவு சூழல் மாறாதவரை அதே கல்லூரியில் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் நீடிக்கும், மாணவர் தற்காலிகச் சுயசார்பு நிலையில் படிவத்தை அனுப்பி வைக்கலாம் என்பவை அதன் ஏற்பாடுகள். ஆனாலும் முடிவு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வோர் அலுவலர் கையில். அந்தக் கல்லூரியைத் தாண்டி, கல்வித்துறையிடம் அதன்மீது மேல்முறையீடு செய்ய முடியாது. கேட்பவர் தன் வீட்டில் நடந்ததை அந்நியர் ஒருவரிடம் விவரித்து, ஆசிரியரோ சமூகப் பணியாளரோ பாதிரியாரோ தரும் கடிதத்தால் அதை நிறுவ வேண்டும். உடலில் காயம் இருந்து, காவல்துறை அறிக்கையும் இருந்தால் கதை எளிதில் நம்பப்படும். மதம் மாறியதற்காக, தன்பால் ஈர்ப்பைச் சொன்னதற்காக, பெற்றோர் விரும்பாத பாடத்தை எடுத்ததற்காக மெல்ல விலக்கப்பட்டவருக்கு அறிக்கை எங்கிருந்து வரும்? விலக்கு எப்போது வெறும் மறுப்பாகவும் எப்போது கைவிடலாகவும் எண்ணப்படும் என்பதற்குக் கோடு கிடையாது. கொடுமையை நிறுவத் தெரிந்தவருக்குத்தான் இந்த வழி.

விதியை இறுக்கமாக வைத்திருப்பதற்கான வலுவான நியாயம் மோசடி பற்றியது. மறுத்தாலே போதும் என்றால் வசதி படைத்த எல்லாப் பெற்றோரும் மறுத்துவிடுவார்கள், ஏழை மாணவருக்குப் போக வேண்டிய பணம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகும் என்கிறார்கள். இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் இறுக்கமான விதி மோசடியைத் தடுக்கிறது என்ற இரண்டாவது பாதி உண்மையா? 2019 ஜூலையில் புரோபப்ளிக்கா இல்லினாய், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஆகிய செய்தி நிறுவனங்கள் வெளியிட்ட செய்தி நினைவிருக்கலாம். சிகாகோவின் புறநகர்களில் வசதியான பெற்றோர், பள்ளியின் கடைசி ஆண்டுகளில் இருந்த பிள்ளைகளின் சட்டக் காப்பாளர் உரிமையை உறவினருக்கோ நண்பருக்கோ நீதிமன்றம் வழியாக மாற்றிக் கொடுத்தார்கள். பிள்ளை உடனே சுயசார்பு ஆனார், சொந்த வருமானம் சொற்பம் என்பதால் உதவி கிடைத்தது. லேக் கவுன்டி ஒன்றில் மட்டும் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளை அந்தச் செய்தியாளர்கள் கண்டெடுத்தார்கள். வழக்கறிஞரும் நீதிமன்றக் கட்டணமும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளவருக்கு ஆவண நிலையை மாற்றுவது எளிது. கைவிடப்பட்ட இருபது வயதுக்காரருக்குத்தான் அது இயலாது. நிலைகளை மட்டும் பார்க்கும் தேர்வு மோசடிக்காரரை நிறுத்தவில்லை, உண்மையானவரை நிறுத்தியிருக்கிறது.

செலவு பற்றிய எதிர்வாதம் இதைவிடக் கனமானது. கடந்த இருபதாண்டுகளாகவே அமெரிக்க இளங்கலை மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், வயதாலோ குடும்பத்தாலோ, இன்றைய விதிப்படியே சுயசார்பு மாணவர்கள். அந்தக் கதவை இன்னும் அகலத் திறந்தால் பணம் எங்கே? சுவீடன் இதற்கு ஒரே அடியாக விடை சொன்னது. அங்கே மாணவரின் பெற்றோருக்கு என்ன வருமானம் என்றே அரசு கேட்பதில்லை. அமெரிக்கா போன்ற நாட்டில், பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் அதே தொகை போகும் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூர்ந்து பார்க்கத்தக்கது ஜெர்மனியின் ஏற்பாடு. அங்கே 1971 முதல் நடப்பிலிருக்கும் பாஃபக் என்ற கல்வி உதவிச் சட்டமும் பெற்றோர் வருமானத்தைத்தான் முதலில் பார்க்கிறது. ஆனால் அந்நாட்டு உரிமையியல் சட்டம் பிள்ளையின் தொழிற்கல்விச் செலவைப் பெற்றோரின் கடமையாகவே வைத்திருக்கிறது. பெற்றோர் தங்கள் பங்கைத் தராமல் படிப்பு தடைபடும் நிலை வந்தால், மாணவர் விண்ணப்பிக்கலாம். அரசு அந்தத் தொகையை முன்பணமாகத் தருகிறது. பெற்றோர்மீது மாணவருக்குள்ள உரிமை அரசின் கைக்கு மாறுகிறது, அரசு பெற்றோரிடம் வசூலிக்கிறது. மறுப்பதால் பெற்றோருக்கு லாபமில்லை, ஆகவே மறுக்கத் தூண்டுதலும் இல்லை. பிணக்கு பெற்றோருக்கும் அரசுக்கும் இடையே நகர்ந்துவிடுகிறது, வகுப்பறையில் இருக்கும் பிள்ளைமீது விழுவதில்லை.

கடமையை விதிக்க அமெரிக்கா தயாராக இல்லை. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவருக்காகப் பெற்றோரிடம் வசூலிக்கும் சட்டம் அங்கே அரசியல்ரீதியாக நடவாது, பென்சில்வேனியத் தீர்ப்பே அதற்குச் சான்று. அப்படியானால் நேர்மையான மாற்று, 1992இல் மூடிய கதவைத் திறப்பது. அது மூடப்பட்டதன் காரணத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள்: சரிபார்க்க முடியாது என்றார்கள். 2024-25 படிவத்திலிருந்து, விண்ணப்பதாரரின் இசைவோடு வருமானவரித் துறையின் தரவே நேராகப் படிவத்துக்குள் வந்துசேர்கிறது. ஒருவர் இரண்டாண்டுகளில் எவ்வளவு சம்பளம் பெற்றார் என்பதை முதலாளி கொடுத்த கணக்கே சொல்லும். பெற்றோர் அவரைத் தங்கள் வரிக் கணக்கில் காட்டினார்களா என்பதும் அத்துறைக்குத் தெரியும். முப்பதாண்டுக்கு முன் அஞ்சலில் வந்த காகிதத்தை நம்பவேண்டியிருந்த கல்லூரி அலுவலருக்கு இந்த வசதி இல்லை. வறுமைக்கோட்டு அளவுக்குக் குறையாத சொந்தச் சம்பளம், தொடர்ந்து இரண்டாண்டுகள், பெற்றோரின் வரிக் கணக்கில் இடம்பெறாமை, தனி முகவரி என்ற நிபந்தனைகளை வைத்து ஒரு வழியைத் திறந்தால் பெரும்பகுதியை இயந்திரமே சரிபார்க்கும். கனடா இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்கிறது: அங்கே இரண்டு முழு ஆண்டுகள் வேலைச் சந்தையில் இருந்தவரும், உயர்நிலைப் பள்ளியை விட்டு நான்காண்டுகள் ஆனவரும் பெற்றோரின் வருமானத்திலிருந்து விடுபடுகிறார்கள். இங்கிலாந்தில் வயதுக் கோடு இருபத்தைந்து, அமெரிக்காவைவிட ஒரு வயது கூடுதல். ஆனால் மூன்றாண்டுகள் தன்னைத் தானே ஆதரித்தவருக்கும், பெற்றோரோடு உறவு முறிந்தவருக்கும் அங்கே வெளிப்படையான இடம் இருக்கிறது.

இந்த யோசனைக்கு எதிரான மிகக் கூர்மையான சான்று ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது, அதைத் தாண்டிப் போவது நியாயமாகாது. அங்கே பள்ளி முடித்து ஓராண்டு இடைவெளி எடுத்து, பதினெட்டு மாதத்துக்குள் குறிப்பிட்ட தொகையைச் சம்பாதித்தவர் சுயசார்பு என்று ஏற்கப்பட்டார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பெற்றோர் வீட்டில் இருந்தபடியே அந்தத் தொகையை எட்டி அரசின் உதவித்தொகையைப் பெற்றார்கள் என்று 2008இல் வந்த பிராட்லி ஆய்வறிக்கை சுட்டியது. அரசு பிறகு அந்த வழியைச் சுருக்கியது. கூடவே, பெற்றோரிடமிருந்து விடுபடும் வயதை இருபத்தைந்திலிருந்து படிப்படியாகக் குறைத்து 2012இல் இருபத்து இரண்டாக்கியது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இரண்டு. பெற்றோர் வீட்டில் வாழ்ந்துகொண்டே, மொத்தத் தொகை ஒன்றை எட்டினால் போதும் என்று வைக்கப்பட்ட தேர்வு தோற்கும், ஆகவே இரண்டாண்டுத் தொடர்ச்சியும் தனி வாழ்வும் நிபந்தனையில் இருந்தே ஆக வேண்டும். அடுத்தது, ஒரு வழி தவறாகப் பயன்பட்டபோது ஆஸ்திரேலியா அந்த வழியைத் திருத்திக்கொண்டே வயதுக் கோட்டைத் தாழ்த்தியது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. இரண்டாண்டு காத்திருக்கச் சொல்வது படிப்பைத் தள்ளிப்போட வைக்காதா என்றால், வைக்கும். இன்று அதே மாணவர் காத்திருப்பது இருபத்து நான்கு வயது வரை. பதினெட்டில் பள்ளி முடித்தவருக்கு அது ஆறாண்டு.

கடைசியாக, எந்தப் பெரிய சீர்திருத்தத்துக்கும் காத்திராமல் செய்யத்தக்க ஒன்று இருக்கிறது. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கு ஒரு தாயோ தந்தையோ விண்ணப்பித்து, மோசமான கடன் வரலாற்றால் மறுக்கப்பட்டால், சார்பு மாணவரான பிள்ளைக்குச் சுயசார்பு மாணவரின் உயர்ந்த கடன் வரம்பு இன்றும் கிடைக்கிறது. முதலாண்டில் 5,500 டாலர் என்பது 9,500 ஆகிறது. பெற்றோரால் முடியாது என்று அரசே ஒப்புக்கொள்ளும் இடம் அது. பெற்றோருக்கு மனமில்லை என்றால் அந்த உயர்வு இல்லை. மாணவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு என்ன? கட்டண நாளன்று இருவர் கையும் ஒரேபோலக் காலி. மறுக்கப்பட்ட பிள்ளைக்கும் அதே உயர்ந்த வரம்பையும், வட்டிச் சலுகையுள்ள பகுதியையும் தருவது, திருப்பிச் செலுத்தவேண்டிய கடன்தான் என்பதால் மானியப் பணத்தை எவரிடமிருந்தும் பறிக்காது, மோசடிக்கும் பெரிய ஆதாயம் தராது. அமெரிக்கக் காங்கிரஸ் உயர்கல்விச் சட்டத்தை அடுத்த முறை கையில் எடுக்கும்போது இந்த ஒரு வரியிலிருந்தாவது தொடங்க வேண்டும்.